கிண்டியின் இரண்டு மான்கள்

சென்னை சர்தார் படேல் சாலை நெரிசலில் பேருந்து நின்றுவிட்டால், ஒரு பக்கத்து ஜன்னலில் நீண்ட மதில்சுவரும் அதற்கு மேலே மரங்களின் தலைகளும்தான் தெரியும். சுவருக்குப் பின்னால் ஏறத்தாழ 270 ஹெக்டேர் காடு. கிண்டி தேசியப் பூங்கா என்று பெயர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஊரார் பெரும்பாலும் போய்ப் பார்ப்பது அதன் ஓரத்திலிருக்கும் சிறுவர் பூங்காவையும், ரோமுலஸ் விட்டேகர் 1972இல் இங்கே அமைத்த பாம்புப் பண்ணையையும். காட்டுக்குள் கால் வைக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அது நல்லதே. ஒரு காணும் பொங்கல் கூட்டத்தை உள்ளே விட்டால், மறுநாள் புதருக்குப் புதர் சிப்ஸ் பாக்கெட் தொங்கும்.

ஆனால் இந்தக் காட்டின் உண்மையான கதையைத் தெரிந்துகொள்ள உள்ளே போகவும் வேண்டியதில்லை. வேலியோரம் நின்று மான்களைப் பார்த்தால் போதும். இங்கே இரண்டு வகை மான்கள் இருக்கின்றன: புள்ளிமான், வெளிமான். பிள்ளைகளுக்கு இரண்டும் மான்தான். அழைத்துவந்த பெரியவர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். உயிரியல் கணக்கில் இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். புள்ளிமான் அசல் மான் குடும்பம். வெளிமானோ பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் பங்காளி.

இதைக் கண்டுபிடிக்கக் கொம்பைப் பார்க்க வேண்டும். கிடாப் புள்ளிமானின் கொம்பு கிளைவிடும். ஒரு பக்கத்துக்கு மூன்று முனை. அது முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து, மறுபடி முளைக்கும். முளைக்கும்போது அதன்மேல் மெல்லிய ரோமம் படர்ந்த தோல் போர்த்தியிருக்கும். தோலுக்கடியில் ரத்த நாளங்கள் ஓடும். பாலூட்டிகளின் உடலில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு இல்லை எனலாம். சில மாதங்களுக்குள் முழுக்கொம்பு தயாராக வேண்டும் என்பதால், தின்னும் இரையிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து போதாது. கிடா தன் விலா எலும்பு போன்றவற்றிலிருந்தே கொஞ்சம் கடன் வாங்கிக் கொம்புக்குக் கொடுக்கிறது; பிறகு மேய்ந்து மேய்ந்து அந்தக் கடனை அடைக்கிறது. கொம்பு முற்றியதும் ரத்த ஓட்டம் நின்று தோல் காய்ந்து உரியும். அப்போதுதான் கிடா மரத்தில் தலையைத் தேய் தேய் என்று தேய்க்கும். காலம் வந்ததும் மண்டை ஓட்டோடு கொம்பு சேரும் இடத்தில், எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் வேலையைத் தொடங்கும். ஒருநாள் கொம்பு கழன்று விழும். விழுந்ததும் வீணாவதில்லை. மான்களே அதைக் கடித்து மென்று சுண்ணாம்புச் சத்தை மீட்டுக்கொள்வதுண்டு.

குளிர்நாட்டு மான்களுக்கு இந்தச் சுழற்சி பருவத்தோடு கட்டுப்பட்டது. எல்லாக் கிடாக்களுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விழும், ஒரே காலத்தில் முளைக்கும். நம் புள்ளிமான் ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் செய்யக்கூடியது. அதனால் ஒரே மந்தையில் முற்றிய கொம்புக் கிடா ஒன்று, ரோமத்தோல் போர்த்திய கொம்போடு ஒன்று, மொட்டைத் தலையோடு ஒன்று என்று கலந்து நிற்கும். கிண்டியில் இதைப் பார்ப்பது மிக எளிது. மொட்டைத் தலைக் கிடாவைப் பெட்டை என்று நினைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

வெளிமானின் கொம்பு அப்படிக் கழன்று விழாது. உள்ளே எலும்புக் கட்டை, மேலே நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆன உறை. அடியிலிருந்து வளர்வதால் கொம்பின் நுனிதான் அதன் ஆகப் பழைய பகுதி. குட்டிப் பருவத்தில் முளைத்தது. வளைய வளையமாக வரி விழுந்து, மூன்று நான்கு முறுக்கு முறுக்கி, அரை மீட்டருக்கு மேல் நீளும். முறிந்தால் முறிந்ததுதான், மாற்று இல்லை. பெட்டைகளுக்குப் பொதுவாகக் கொம்பு கிடையாது. அவை மணல் நிறம். வயது வந்த கிடாவின் முதுகு கறுக்கும், வயிறு வெள்ளையாகவே இருக்கும். வடக்கே அது கன்னங்கரேல் என்று ஆகிவிடும். தெற்கில் பல கிடாக்கள் கரும்பழுப்போடு நின்றுவிடுகின்றன.

கொம்பில் தொடங்கும் வேறுபாடு வாழ்க்கை முழுவதும் நீள்கிறது. புள்ளிமானுக்கு நிழல் வேண்டும். புல் கிடைத்தால் புல், இல்லாவிட்டால் தழை, உதிர்ந்த பூ, குரங்கு கடித்துப் போட்ட பழம், தூங்குமூஞ்சி மரத்துக் காய், எதுவும் சம்மதம். எட்டாத கிளைக்குப் பின்னங்காலில் எழும்பி நின்று தழை பறிக்கும். ஆபத்து வந்தால் புதருக்குள் புகுந்துவிடும். அதன் புள்ளிகள் அங்கே வெயில் பொட்டுகளோடு கலந்துவிடும். வெளிமானுக்குக் குட்டைப் புல் வேண்டும், கூடவே பார்வைக்கெட்டும் தூரம் வேண்டும். ஒளிவது அதன் உத்தி அன்று. தூரத்திலேயே எதிரியைப் பார்த்துவிடுவதும், பார்த்ததும் ஓடிவிடுவதும்தான் அதற்குத் தெரிந்த தற்காப்பு.

பார்ப்பதற்கென்றே அமைந்த கண் அது. ஆடு, மாடு, குதிரையைப் போலவே வெளிமானுக்கும் கண்மணி கிடைக்கோடாக நீண்டிருக்கும். தலையின் இரு பக்கமும் பொருந்திய அந்தக் கண்கள் அடிவானம் முழுவதையும் ஒரே வீச்சில் அள்ளுகின்றன. மேய்வதற்காகத் தலையைத் தாழ்த்தினால் கண்மணியும் செங்குத்தாகச் சாய்ந்துவிட வேண்டுமல்லவா? சாய்வதில்லை. மேயும் விலங்குகளில், தலை தாழத் தாழக் கண் குழிக்குள்ளேயே உருண்டு, கண்மணியைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்கிறது. பக்கத்தில் ஓர் ஆடு மேய்ந்தால் குனிந்து பாருங்கள், தெரியும். வாய் புல்லில் இருக்கும்போதும் கண் அடிவானத்தில் காவல் நிற்கிறது. அடிவானத்தை ஒரு புதர் மறைத்துவிட்டால் இத்தனை நுட்பமும் வீண்.

ஓட்டமோ மணிக்கு 80 கிலோமீட்டர். யாருக்காக இந்த வேகம்? நரி, நாய்க்கு இவ்வளவு தேவையில்லை. வெளிமானைத் துரத்திப் பிடிக்கும் வேகம் இந்திய நிலத்தில் ஒரே ஒரு விலங்குக்குத்தான் இருந்தது: சிவிங்கிப்புலி. முகலாய மன்னர்கள் பழக்கிய சிவிங்கிப்புலிகளை விட்டு வெளிமானை வேட்டையாடியது சும்மா இல்லை. அந்தச் சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தில் விட்டிருப்பது அண்மைக் கதை. கிண்டியில் எந்தக் காலத்து எதிரிக்காகவோ பயின்ற ஓட்டத்தை வெளிமான்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாலு கால்களும் ஒருசேரத் தரையை விட்டெழும்பி வில்லாக வளைந்து துள்ளுமே, அதைச் செய்யவும் வெட்டவெளி வேண்டும்.

சரி, மாநகரக் காட்டுக்குள் வெட்டவெளி எங்கிருந்து வந்தது? மனிதர்களால் வந்தது. இன்றைய ஆளுநர் மாளிகையான கிண்டி லாட்ஜை 1821இல் ஆங்கிலேய அரசு 35,000 ரூபாய்க்கு வாங்கியது. அதைச் சுற்றியிருந்த நிலம் கவர்னர்களின் உல்லாசத்துக்கும் வேட்டைக்கும் ஆனது. 1910இல் ஏறத்தாழ 500 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. உள்ளே குதிரையேறிப் பந்தடிக்க ஒரு போலோ திடல் இருந்தது. போலோ ஆடுகிறவர்களுக்குத் தேவையான புல்லும் வெளிமானுக்குத் தேவையான புல்லும் ஒன்றேதான்: குட்டையாக, சமமாக, மரமில்லாமல். புள்ளிமான், 1940களை ஒட்டி இங்கே கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழிவந்தது என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். ஆக, பின்னால் வந்த விருந்தாளி அது. இன்று எண்ணிக்கையில் அதன் கைதான் ஓங்கியிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு காட்டின் ஓரங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. ஐஐடி வந்தது, காந்தி மண்டபம் வந்தது, புற்றுநோய் மருத்துவமனை வந்தது, ராஜாஜி, காமராஜர் நினைவகங்கள் வந்தன. எஞ்சியது 1978இல் தேசியப் பூங்காவானது. வேலி போட்டார்கள், ஆடுமாடு மேய்வதைத் தடுத்தார்கள், விறகு வெட்டுவதை நிறுத்தினார்கள். இவை எல்லாம் நல்ல காரியங்கள். வெளிமானின் சிக்கல் இந்த நல்ல காரியங்களோடு சேர்ந்தே தொடங்குகிறது.

அதைப் புரிந்துகொள்ளக் கிண்டிக் காட்டின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோழமண்டலக் கரைக்கும் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்கும் உரிய ஒரு காட்டுவகை உண்டு. தாவரவியலார் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். பெயரே முரண்பாடு. உலர்ந்த நாட்டில் மரங்கள் கோடையில் இலை உதிர்த்துவிடுவதே வழக்கம். முதுமலைத் தேக்கு அப்படித்தான் செய்கிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஜனவரியிலிருந்து ஜூன் வரை வானம் ஏறக்குறைய வறண்டே கிடக்கும். அப்படியும் காட்டு எலுமிச்சை, களா, காயா, வீரை, பாலை போன்ற இந்தக் கரையோரக் காட்டு மரங்கள் மே மாதத்திலும் பச்சையாக நிற்கின்றன.

எப்படி என்றால், சிக்கனத்தால். இலை சிறிது, தடிப்பு, தோல்போல் விறைப்பு, மேலே மெழுகுப் பூச்சு. அப்படி ஓர் இலையைச் செய்ய மரத்துக்கு நிறையச் செலவாகும். செலவழித்துச் செய்ததை ஒரே பருவத்தில் உதிர்த்துவிட்டால் நட்டம். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டு வைத்துக்கொள்கிறது. வெயில் ஏறியதும் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, காலைப் பொழுதின் ஈரத்தில் கொஞ்சம் வேலை செய்கிறது. கடற்காற்றின் ஈரப்பதமும் கைகொடுக்கிறது. இந்த மரங்கள் உயரமாக வளர்வதில்லை. பத்துப் பன்னிரண்டு மீட்டர் தாண்டினால் அதிகம். அடர்ந்து, ஒன்றோடொன்று பின்னி, முள்ளும் கொடியுமாக நிற்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது நகரச் சாலைகளில் விழுந்து கிடந்தவற்றில் குல்மொகரும் தூங்குமூஞ்சியும் போன்ற வெளியூர் மரங்கள் எத்தனை என்று நினைவுள்ளவர்களுக்கு, இந்தக் குள்ளர்களின் அருமை தெரியும்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் ஜில்லென்றிருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.67 யூனிட் அளவு வெப்பம் தேவை. நன்றாக நீர் கிடைக்கும் பெரிய மரம் ஒன்று நாளைக்கு 100 லிட்டர் நீரை இலைவழி வெளியேற்றினால் 67 யூனிட் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு டன் ஏசி இயந்திரம் பத்தொன்பது மணி நேரம் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம் இது. ஆனால் கத்திரி வெயிலில் கிண்டி மரங்கள் அவ்வளவு தாராளமாக நீரைச் செலவிடா. மேலே சொன்ன சிக்கனம் அப்படி. அப்போது நம்மைக் காப்பது பெரும்பாலும் நிழல். வெயில் தரையில் படாததால் தரை சுடுவதில்லை. தரை சுடாததால் அது இரவில் அனலைத் திருப்பி வீசுவதில்லை. தார்ச்சாலைக்கும் காட்டுத் தரைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

இனி, மரம் எப்படிப் புல்வெளியை விழுங்குகிறது என்று பார்க்கலாம். இந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை சதைப்பற்றுள்ள பழம் தருபவை. சின்னான், குயில், மைனா பகலில் தின்னும். மரநாயும் பழந்தின்னி வௌவாலும் இரவில் தின்னும். விதை எச்சத்தோடு விழும். எங்கே விழும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெட்டவெளிக்கு மேலே பறக்கும்போது பறவை அதிகம் எச்சமிடுவதில்லை. உட்காரும் இடத்தில்தான் இடும். எனவே சுத்தமான புல்வெளிக்குள் காட்டு விதை எளிதில் வந்து சேராது. அதன் நடுவே ஒரே ஒரு மரம் நின்றால் போதும், அது பறவைகளுக்கு இருக்கையாகிவிடும். அதனடியில் களா முளைக்கும், களாவுக்குப் பக்கத்தில் காட்டு எலுமிச்சை முளைக்கும், முட்புதர் மூடும். முட்புதருக்குள் முளைத்த கன்றை மானின் வாய் எட்டாது. கன்று மரமாகும், பறவைக்கு இன்னோர் இருக்கை கிடைக்கும். ஒரு வட்டம் இப்படி அகன்று, இன்னொரு வட்டத்தைத் தொட்டுவிட்டால் இடையிலிருந்த புல்லுக்கு வெயில் போய்விடும். வெயில் போனால் புல் போகும். புல் போனால் வெளிமான் போகும்.

மனிதர்கள் திடலைச் சமமாக வைத்திருந்தவரை, மாடுகள் மேய்ந்தவரை, சுள்ளி பொறுக்க வந்தவர்கள் கன்றுகளை ஒடித்தவரை, இந்த வட்டங்கள் விரியவில்லை. காவல் வந்ததும் விரியத் தொடங்கின. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு புல்வெளி நடுவே நட்டுவைத்த மரக்கன்றும் இந்தக் கணக்கில் ஓர் இருக்கைதான். நம் ஊரில் மரம் நடுவது என்றால் கேள்வியே கேட்காமல் புகைப்படத்துக்கு நிற்கிறோம். எங்கே நடுகிறோம் என்பதை மரம் நடும் விழாக்களில் யாரும் கேட்டு நான் கண்டதில்லை.

இதற்கு மேல் சீமைக் கருவேலம் ஒன்று இருக்கிறது. வேலிக்காத்தான் என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து விறகுக்காகக் கொண்டுவந்து பரப்பியது. அதன் காய் இனிப்பு. புள்ளிமானுக்கு மிகவும் பிடிக்கும். விதை செரிமானத்துக்குத் தப்பி, எருவோடு சேர்ந்தே விழுகிறது. ஆக, பறவை உட்கார இருக்கைகூட இதற்குத் தேவையில்லை; மான் நடந்து போகிற இடமெல்லாம் விதைக்கப்படும். தன் நிழலை விரிக்கும் மரத்தைத் தானே சுமந்து நட்டுக்கொண்டு போகிறது புள்ளிமான். நட்டம் வெளிமானுக்கு. கோடியக்கரையிலும் இதே கதைதான். அங்கே வெளிமான்கள் மேயும் கடலோரப் புல்வெளிக்குள் சீமைக் கருவேலம் புகுந்து பரவியது. வெட்டி அகற்றுவது ஓயாத வேலையாக இருக்கிறது.

கோடியக்கரையில் வெளிமானுக்கு நகர்ந்துகொள்ள ஓரளவாவது இடமுண்டு. கிண்டியில் அதுவும் இல்லை. ராபர்ட் மக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் 1967இல் தீவுகளின் உயிரியல் பற்றி எழுதிய நூலில் ஒரு கருத்தை வகுத்தார்கள்: தீவு எவ்வளவு சிறிதோ, கரையிலிருந்து எவ்வளவு தொலைவோ, அவ்வளவு குறைவான இனங்களே அதில் தங்கும். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தக் கருத்தைக் கடல் சூழாத தீவுகளுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். நாலு பக்கமும் சாலையும் சுவரும் சூழ்ந்த கிண்டி அப்படியொரு தீவு. ஆனால் எல்லோருக்கும் அது தீவு இல்லை. குயிலும் வௌவாலும் சுவரைப் பொருட்படுத்துவதில்லை. அடையாறு, கோட்டூர்புரத் தோட்டங்களிலிருந்து விதையைச் சுமந்து தினமும் வந்து போகின்றன. வெளிமானால் வெளியேறவும் முடியாது, வெளியிலிருந்து புதிதாக ஒன்று வந்து சேரவும் முடியாது. சிறு கூட்டம் தனக்குள்ளேயே இணைந்து இணைந்து பெருகினால் மரபணு வளம் மெலியும். மரங்களுக்கு ஆள் வரத்து உண்டு, வெளிமானுக்கு இல்லை என்பது இந்தப் போட்டியை இன்னும் ஒருபக்கச் சாய்வாக்குகிறது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஐஐடி வளாகத்திலும் வெளிமான்கள் இருக்கின்றன. அங்கே அவை வெட்டிச் சமன்படுத்திய திறந்த புல்தரைகளை நாடுவதில் வியப்பில்லை; போலோ திடலின் வேலையை இப்போது புல்வெட்டும் இயந்திரம் செய்கிறது. அங்குள்ள வேறொரு தொல்லை நாமறிந்ததே: சாப்பாடு ஒட்டிய பிளாஸ்டிக் பைகளை விழுங்கி, வயிறு அடைத்துச் சாகும் மான்கள். பூங்காவுக்குப் போகிறவர்கள் மானுக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால், ஒன்றும் கொடுக்காமல் வருவதே நல்ல கொடை.

வெளிமானை நகரத்துக்குள் காப்பாற்றத்தான் வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். வல்லநாட்டிலும் கோடியக்கரையிலும் இருக்கிறதே, கிண்டியைக் காட்டுக்கே விட்டுவிடலாமே என்பது பொருளற்ற வாதம் இல்லை. உலர் பசுமைமாறாக் காடும் அரிதாகிவிட்ட ஒன்றுதான். மரக்காணத்துக்குத் தெற்கே புத்துப்பட்டு போன்ற கோயில் காடுகளிலும், இங்கொன்றும் அங்கொன்றுமான துண்டுகளிலும்தான் மிஞ்சியிருக்கிறது. ஆரோவில்லில் அதை முளைக்கவைத்து மீட்க ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறார்கள். கிண்டியில் அது தானாகவே முளைக்கிறது. அதைப் பிடுங்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

என் எண்ணம் இது: 270 ஹெக்டேரில் இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் எல்லைக்கோட்டை இயற்கை போட்டுத் தராது. பழைய போலோ திடலும் அதை ஒட்டிய வெளியும் புல்லாகவே இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஆட்கள் இறங்கிக் களையெடுக்க வேண்டும். சீமைக் கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் பிடுங்கும்போது யாருக்கும் தயக்கம் இருக்காது. கையால் நசுக்கினால் எலுமிச்சை வாசம் வரும் காட்டு எலுமிச்சைக் கன்று ஒன்று, முழங்கால் உயரத்தில், புல்லுக்கு நடுவே நிற்கும். சொந்த மண்ணின் மரம், அரிய காட்டின் வாரிசு. திடலுக்கு வெளியே முளைத்திருந்தால் அதற்கு வேலி கட்டலாம். திடலுக்குள் முளைத்திருந்தால் அதையும் வேரோடு பிடுங்கத்தான் வேண்டும்.